ஃப்ளேரை அழிக்கும் முன் லென்ஸைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செல்பேசியில் நல்ல படம் எடுப்பதற்கான குறிப்புகளைத் தங்கள் நாளிதழின் இணைப்பிதழ் அண்மையில் வெளியிட்டிருந்தது. ஒளி வரும் திசையைக் கவனிப்பது, கை நடுங்காமல் பிடிப்பது, ஜூம் செய்வதற்குப் பதிலாக முடிந்தவரை நெருங்கிச் செல்வது என்று அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் பயனுள்ளவையே. ஆனால், சூரியனையோ விளக்கையோ நோக்கி எடுக்கும் படங்களில் விழும் ஒளிப்புள்ளிகளும் வெளிறலுமான ஃப்ளேரைப் பற்றிப் பேசும்போது, அது விழுந்தால் கவலைப்பட வேண்டாம், எடிட்டிங் செயலியில் பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் அந்தக் கட்டுரை முடித்துக்கொண்டது. அந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஃப்ளேரில் பெரும்பகுதியைப் படம் எடுப்பதற்கு முன்பே தடுத்துவிடலாம். தடுக்காமல் விட்டதில் ஒரு பகுதியை எந்தச் செயலியாலும் மீட்டுத் தர இயலாது. இன்று மிகப் பலருக்குச் செல்பேசியே ஒரே கேமரா என்பதாலும், அதில் எடுக்கப்படும் படங்களில் பல மறுமுறை எடுக்க வாய்க்காதவை என்பதாலும், இதைச் சற்று விரிவாகச் சொல்ல இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

முதலில் இது எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்துவிடலாம். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், பூச்சு எதுவும் இல்லாவிட்டால், விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதம் திரும்பிவிடுகிறது. செல்பேசி கேமராவைப் பார்த்தால் ஒற்றைக் கண்ணாடி போலத்தான் தெரியும். உள்ளேயோ ஐந்து முதல் எட்டு வரையிலான சிறு பிளாஸ்டிக் லென்ஸுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஏழு லென்ஸுகள் என்று வைத்துக்கொண்டால் 14 பரப்புகள். அகச்சிவப்பு ஒளியை வடிகட்டும் ஃபில்டரின் இரண்டையும், வெளியே நம் விரல் படும் பாதுகாப்புக் கண்ணாடியின் இரண்டையும் சேர்த்தால் 18. ஒரு பரப்பில் பட்டுப் பின்னோக்கிச் சென்ற ஒளி, இன்னொரு பரப்பில் பட்டு மீண்டும் முன்னோக்கித் திரும்பினால் அது, படத்தைப் பதிவு செய்யும் சென்சாரை அடைந்து ஒரு போலிப் பிம்பத்தை உண்டாக்கும். 18 பரப்புகளில் இப்படி அமையக்கூடிய இணைகள் 153. இவை எல்லாமே கண்ணுக்குத் தெரிவதில்லை என்றாலும், தெரிகின்ற சிலவே படத்தைக் கெடுக்கப் போதுமானவை.

இதற்கு மருந்தாக வந்ததுதான் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு. பழகி மங்கிய கண்ணாடி, புதுக் கண்ணாடியைவிடக் குறைவாக ஒளியைத் திருப்புகிறது என்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1886இல் கவனித்தார். நிறம் மாறிய பழைய லென்ஸுகள் கூடுதலாக ஒளியை உள்ளே விடுகின்றன என்பதை லென்ஸ் வடிவமைப்பாளர் டென்னிஸ் டெய்லர் 1890களில் கண்டார். ஒளியின் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு தடிமனில் மெல்லிய படலத்தைப் பூசினால், அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்ற கொள்கையைச் செய்முறைக்குக் கொண்டுவந்து, ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் காப்புரிமை பெற்றார். இன்றைய பல அடுக்குப் பூச்சுகள் எதிரொளிப்பை அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடுகின்றன.

அப்படியானால் இன்னும் ஏன் ஃப்ளேர் விழுகிறது என்று கேட்கலாம். அரை சதவீதம் வீதம் இரண்டு முறை எதிரொளித்தால், மூல ஒளியில் 40,000இல் ஒரு பங்கு மிஞ்சுகிறது. மிகச் சிறிய அளவுதான். ஆனால் நண்பகல் சூரியத் தகடு, அதைச் சூழ்ந்த நீல வானத்தைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் ஒளிர்வது. அதன் 40,000இல் ஒரு பங்கு குவிந்து விழுந்தால் வானத்தின் மேல் தெளிவாகவே தெரியும். இரவில், இருண்ட சுவருக்கு முன்னால் எரியும் விளக்கின் நிலையும் இதுவே. பூச்சு தரமற்றதாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

செல்பேசிப் படங்களில் நாம் அதிகம் காணும் அந்தப் பச்சை அல்லது நீலப் புள்ளியின் பிறப்பு இன்னும் சற்று வேறுபட்டது. சென்சாரின் பரப்பே விழுந்த ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அது ஃபில்டரிலோ லென்ஸிலோ பட்டு மீண்டும் சென்சாருக்கே வருகிறது. அப்படி வரும் பிம்பம், விளக்கு இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே, படத்தின் மையத்தைத் தாண்டி அதே தொலைவில் விழும். விளக்கு மேல் இடது மூலையில் இருந்தால் புள்ளி கீழ் வலது மூலையில் இருக்கும். கேமராவை அசைத்தால் விளக்கு ஒரு பக்கம் நகரும்போது புள்ளி எதிர்ப்பக்கம் நகரும். தெருவிளக்குகள் வரிசையாக இருந்தால் புள்ளிகளும் அதே வரிசையில், தலைகீழாக அமையும். எங்கே விழும் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிற குறையைச் சமாளிப்பது எளிது என்பதே என் வாதத்தின் அடிப்படை.

இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் வேறொரு நன்மையும் உண்டு. இரவு வானில் இனந்தெரியாத ஒளிப்பொருள் என்று சொல்லிப் பரப்பப்படும் செல்பேசிப் படங்கள் தங்கள் அலுவலகத்துக்கும் வந்துகொண்டிருக்கும். வெட்டப்படாத மூலப் படத்தில், அந்த ஒளிப்புள்ளியையும் பளிச்சென்ற ஏதேனும் ஒரு விளக்கையும் இணைத்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோட்டின் நடுப்புள்ளி ஏறத்தாழப் படத்தின் மையத்திலேயே அமைந்தால், வானில் எதுவும் இருக்கவில்லை, லென்ஸுக்குள்தான் இருந்தது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

புள்ளிகளைவிடப் பெரிய கேட்டைச் செய்வது வெளிறல். ஒளி ஓரிடத்தில் குவியாமல் படம் முழுவதும் மெல்லிய வெண்திரையாகப் பரவி, கறுப்பு சாம்பலாகி, முகத்தின் நிறம் செத்து, ஆழமே இல்லாத படமாக ஆக்கிவிடுகிறது. புள்ளி கண்ணில் படுவதால் அதைக் குறை என்று அறிகிறோம். வெளிறலையோ, செல்பேசியின் கேமரா மட்டமானது என்றோ அன்றைய ஒளி சரியில்லை என்றோ நினைத்துக் கடந்துவிடுகிறோம். உண்மையில் இதற்குக் காரணம் பெரும்பாலும் பாதுகாப்புக் கண்ணாடியின் மேல் படிந்திருக்கும் விரல் எண்ணெய். செல்பேசியைப் பிடிக்கும் விதத்தில் சுட்டுவிரல் கேமராவின் மேலேயே படிகிறது. பையிலிருந்து எடுக்கும்போதும் வைக்கும்போதும் படிகிறது. வேறு எந்தக் கேமராவின் லென்ஸும் இவ்வளவு தொடப்படுவதில்லை. ஆகவே, படம் எடுக்கும் முன் லென்ஸைத் துடைப்பது என்ற மிகச் சாதாரணமான பழக்கத்துக்கு நான் முதலிடம் தருகிறேன்; வேறு எந்த உத்தியும் இதற்கு ஈடாகாது.

துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. விரலாலோ உள்ளங்கையாலோ தேய்த்தால் எண்ணெய் போகாது. தேய்த்த திசையில் நுண்ணிய கோடுகளாகப் படிந்துவிடும். அந்தக் கோடுகள் ஒளியைத் தமக்குச் செங்குத்தான திசையில் சிதறச் செய்யும். மேலிருந்து கீழாகத் தேய்த்திருந்தால், இரவு விளக்கு ஒவ்வொன்றிலிருந்தும் கிடைமட்டமாக ஒரு நீண்ட ஒளிக்கீற்று இழுத்துக்கொண்டு நிற்கும். விளக்குகள் எல்லாவற்றிலும் கீற்று ஒரே திசையில் நீண்டிருந்தால், அது லென்ஸின் குறையாக இருப்பதைவிட அழுக்கின் அடையாளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூக்குக்கண்ணாடிக்குத் தரப்படும் மைக்ரோஃபைபர் துணி இதற்குச் சிறந்தது. கண்ணாடியில் மணல் துகள் ஏதேனும் ஒட்டியிருந்தால் முதலில் ஊதிவிட்டு, மெல்ல வாயாவி படச் செய்து, துணியால் வட்டமாகத் துடைத்தால் போதும். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்தவுடன் எடுக்கும் படங்கள் பனி படர்ந்தது போல் இருப்பதற்குக் காரணம் கண்ணாடியில் படியும் நீராவி. அதைத் துடைத்தாலும் மறுபடி படியும் என்பதால், செல்பேசி வெளி வெப்பத்துக்கு வரும்வரை சில நிமிடங்கள் பொறுத்திருப்பதே வழி.

கேமராவுக்குப் பாதுகாப்பு என்று மேலே ஒட்டப்படும் கூடுதல் கண்ணாடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல பூச்சு இல்லாத ஒரு கண்ணாடித் துண்டு இரண்டு பரப்புகளைச் சேர்க்கிறது. அதாவது சுமார் 8 சதவீத ஒளியைத் திசைதிருப்பி, உள்ளிருக்கும் கண்ணாடியோடு சேர்ந்து புதிய போலிப் பிம்பங்களுக்கு வழி திறக்கிறது. இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே தூசியும் ஈரமும் புகுந்துவிட்டால் துடைக்கவும் வழியில்லை. கீறல் பயத்தில் ஒட்டுகிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் கேமராவின் மேல் நிறுவனமே பொருத்தித் தரும் கண்ணாடி கடினமானதுதான். கீறலிலிருந்து காக்க ஒட்டியது ஒவ்வொரு இரவுப் படத்தையும் கெடுக்கிறது என்றால் அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபிளாஷ் பயன்படுத்துவோர் செல்பேசி உறையையும் சோதித்துக்கொள்வது நல்லது. கேமராத் துளையைச் சுற்றி வெளிர் நிறமோ ஒளி ஊடுருவும் விளிம்போ இருந்தால், ஃபிளாஷின் ஒளி அதில் பட்டு நேரே லென்ஸுக்குள் நுழையும். இருட்டில் உறையோடு ஒரு படமும் உறையைக் கழற்றி ஒரு படமும் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது ஒளியை மறைப்பது. பெரிய கேமராக்களில் லென்ஸின் முன் பொருத்தும் ஹூட் செய்கிற வேலையைச் செல்பேசியில் நம் கையே செய்ய வேண்டும். முதன்மைக் கேமராவின் கோணம், பெரிய சென்சார் கொண்ட முழுச் சட்டகக் கேமராவின் 24 முதல் 26 மில்லிமீட்டர் லென்ஸுக்கு நிகரானது; அல்ட்ரா வைடு என்றால் 13 மில்லிமீட்டர் அளவுக்கு அகன்றுவிடும். இவ்வளவு அகன்ற கோணத்துக்கு ஹூட் பொருத்தினால் அதுவே படத்தில் விழும். ஆனால் சூரியன் படத்தின் சட்டகத்துக்கு வெளியே இருக்கும்போது, அது இருக்கும் திசையில் உள்ளங்கையை நீட்டி, அதன் நிழல் லென்ஸின் மேல் விழும்படி வைத்தால் திரையில் உடனே மாற்றம் தெரியும். சாம்பலாக இருந்த நிழல்கள் கறுக்கும். நிறங்கள் திரும்பி வரும். கை சட்டகத்துக்குள் எட்டிப் பார்க்காத இடத்தில் நிறுத்திக்கொண்டு படத்தை எடுக்க வேண்டியதுதான். உடன் ஒருவர் இருந்தால் அவர் நிழலிலேயே நின்று எடுக்கலாம். மரத்தின் நிழலுக்கோ தூணின் நிழலுக்கோ இரண்டடி நகர்ந்து கொள்வது இன்னும் எளிது. கேமரா நிழலில் இருந்தால் போதும். படம் எடுக்கப்படுபவர் வெயிலில் இருப்பதில் தவறில்லை.

சூரியனோ விளக்கோ சட்டகத்துக்குள்ளேயே இருக்க வேண்டிய படங்களில் கையால் மறைக்க வழியில்லை. அங்கே இடம் பார்த்து நிற்பதுதான் வழி. ஒருவரின் தலைக்குப் பின்னாலோ, அடிமரத்துக்குப் பின்னாலோ, கட்டட விளிம்பிலோ சூரியனை முழுவதுமாகவோ பாதியாகவோ ஒளித்துவிட்டால் ஃப்ளேரின் பெரும்பகுதி அடங்கிவிடும். அது ஒத்துவராவிட்டால், மேலே சொன்ன எதிர்முனை விதியைப் பயன்படுத்த வேண்டும். விளக்கைச் சட்டகத்தின் நடுவே கொண்டுவந்தால் போலிப் பிம்பம் விளக்கின் மேலேயே விழுந்து மறைந்துபோகும். நடுவில் வைக்க விருப்பமில்லை என்றால், அதன் எதிர்முனையில் வெளிச்சமான சுவரோ அடர்ந்த இலைக்கூட்டமோ இருக்கும்படி சட்டகத்தைத் திருப்பினால், புள்ளி இருந்தும் கண்ணை உறுத்தாது. முகத்தின் மேல் விழுந்தால் மட்டும் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. செல்பேசியைச் சில பாகைகள் சாய்த்தாலே அது கன்னத்தை விட்டு நகர்ந்துவிடும். ஒரே செல்பேசியில் இருக்கும் மூன்று கேமராக்களும் ஒன்று போல நடந்துகொள்வதில்லை என்பதால், அல்ட்ரா வைடில் மோசமாகத் தெரிவது முதன்மைக் கேமராவில் அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

இரவில் இன்னொன்றும் நடக்கிறது. செல்பேசிகள் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கி, இருண்ட பகுதிகளைத் தூக்கிக் காட்டுகின்றன. நிழலில் உள்ள விவரங்களோடு சேர்ந்து, அங்கே மங்கலாகக் கிடந்த போலிப் பிம்பமும் தூக்கப்பட்டுவிடுகிறது. எடுக்கும்போது திரையில் தெரியாத புள்ளி, எடுத்து முடித்தபின் தெரிவது இதனால்தான். எனவே நைட் மோடில் எடுத்த படத்தை அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தேவையானால் நின்ற இடத்தைச் சற்று மாற்றி மீண்டும் எடுப்பது நல்லது. திரையைத் தொட்டு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தாலும் விளக்கைச் சுற்றிய ஒளிவட்டம் கட்டுக்குள் வரும். வீடியோவில் புள்ளி கேமராவின் ஒவ்வோர் அசைவுக்கும் எதிர்த்திசையில் நீந்திக்கொண்டே இருப்பதால், அங்கே விளக்கைச் சட்டகத்துக்கு வெளியே வைப்பதைத் தவிர எனக்கு வேறு பரிந்துரை இல்லை.

இப்போது செயலிகளுக்கு வருகிறேன். அவற்றை நான் வெறுப்பவன் அல்லன். ஃப்ளேரை நீக்குவதற்கு, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி நிரல்களான நரம்பியல் வலையமைப்புகளைப் பயிற்றுவிக்கும் ஆய்வுகள் 2021க்குப் பிறகு வேகமெடுத்திருக்கின்றன. இரவு நேர ஃப்ளேருக்கென்றே 5,000 சிதறல் வகைப் படங்களும் 2,000 எதிரொளிப்பு வகைப் படங்களும் கொண்ட தொகுப்பை ஆய்வாளர்கள் 2022இல் பொதுவில் வைத்தார்கள். மேகமற்ற இருண்ட வானில் விழுந்த ஒற்றைப் பச்சைப் புள்ளியை அழிப்பான் கொண்டு நீக்குவதில் எந்தத் தீங்கும் இல்லை. அதன் அடியில் இருந்ததும் இருட்டுத்தான். ஆனால் அதே புள்ளி ஒரு குழந்தையின் கண்ணின் மேலோ பெயர்ப்பலகையின் எழுத்தின் மேலோ விழுந்து, அந்த இடத்தை முழு வெண்மையாக்கிவிட்டால், அடியில் இருந்தது என்ன என்ற தகவல் கோப்பிலேயே இல்லை. செயலி அங்கே வைப்பது ஊகம். பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் அது அந்தக் குழந்தையின் கண் ஆகாது.

வெளிறலில் இந்த இழப்பு இன்னும் நுட்பமானது. ஒளி என்பது துகள்துகளாக வந்து சேர்வது; ஒரு பிக்ஸலில் காட்சியிலிருந்து 100 ஒளித்துகள்கள் சேர்ந்தால், அந்த எண்ணிக்கையில் இயல்பாகவே சுமார் 10 அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். அதே பிக்ஸலில் ஃப்ளேர் 900 துகள்களைக் கூடுதலாகக் கொட்டினால் மொத்தம் 1,000 ஆகும். ஏற்ற இறக்கம் சுமார் 32 ஆகிவிடும். செயலி கான்ட்ராஸ்டை உயர்த்தும்போது அந்த 900ஐக் கழித்துவிட முடியும். 32ஐக் கழிக்க முடியாது. வெளிறலை நீக்கிய படத்தின் நிழல்கள் கரடுமுரடாகவும் புள்ளிபுள்ளியாகவும் இருப்பது இதனால்தான். அதை மறைக்க மேலும் வழவழப்பாக்கினால் தோலும் துணியும் மெழுகு போல் ஆகிவிடும். துணியால் ஒரு முறை துடைத்திருந்தால் அந்த 900 துகள்களில் பெரும்பகுதி வந்தே இருக்காது.

ஃப்ளேரை வேண்டி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். மாலை வெயிலில் தலைமுடியின் ஓரத்தில் பரவும் பொன்னிற வெளிறல் ஒரு படத்துக்கு உயிர் கொடுப்பதை நானும் ரசிக்கிறேன். அவர்களுக்கும் இதே அறிவுதான் தேவைப்படுகிறது. கையை எங்கே வைத்தால் ஒளி அடங்கும் என்று தெரிந்தவர்தான், எவ்வளவு விலக்கினால் வேண்டிய அளவு நுழையும் என்பதையும் அறிவார்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். புதிய செல்பேசிகளைப் பற்றிய மதிப்புரைகளில் மெகாபிக்ஸல் எண்ணிக்கையும் ஜூம் அளவும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஃப்ளேர் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை. அதை அளக்க முடியாது என்று யாரும் சொல்ல இயலாது. டிஜிட்டல் கேமராக்களின் ஃப்ளேரை அளப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 18844 என்ற சர்வதேசத் தரநிலை 2017இல் வெளியாகியிருக்கிறது. ஆய்வகச் சோதனை தங்கள் மதிப்புரையாளருக்கு வாய்க்காது என்றாலும், இருட்டறையில் ஒரே ஒரு சிறு விளக்கைச் சட்டகத்தின் மூலையில் வைத்து, அந்தச் செல்பேசியின் ஒவ்வொரு கேமராவாலும் ஒரு படம் எடுத்து, திருத்தாமல் அருகருகே அச்சிட்டால், வாங்க நினைப்பவருக்கு அது எண்களைவிட அதிகம் சொல்லும். இரண்டாவதாக, வாசகர்களிடமிருந்து செய்திப் படங்களைக் கேட்கும்போது, ஃப்ளேர் விழுந்திருந்தாலும் பரவாயில்லை, செயலியில் எதையும் அழிக்காத மூலக் கோப்பையே அனுப்புங்கள் என்று ஒரு வரி சேர்த்துக் கேட்க வேண்டும். விபத்தையோ வெள்ளத்தையோ காட்டும் படத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருப்பதால் செய்தி கெடாது. அந்த இடத்தில் செயலி வரைந்து வைத்த ஏதோ ஒன்று இருந்தால், அதை நம்பி அச்சிடும் பொறுப்பு தங்கள் நாளிதழின் மேல் விழும்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகர்